பெற்ற தாயைத் தாண்டி வந்தார். பிறர் வீட்டு வாசலில் தலை கொடுத்தார்!
சேதுபதி சீமையில் ஒரு பழைய கேஸ் கட்டு

திருச்சுழி:-

குற்றச் செய்தி எழுதுகிறவனுக்கு எந்தக் கதையைக் கேட்டாலும் முதலில் நாலு கேள்விதான் வரும். செத்தது யார்? எங்கே? எப்போது? செய்தது யார்?

இந்தக் கதையில் நாலுக்கும் பதில் இருக்கிறது.

செத்தவர், போர்ச்சுகல் நாட்டிலிருந்து 26 வயது வாலிபராகக் கப்பல் ஏறி வந்த பாதிரியார். இடம், ராமநாதபுரம் மாவட்டம் ஓரியூர். தேதி, 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4. உத்தரவு போட்டவர், கிழவன் சேதுபதி மன்னர்.

ஆனால் ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை. திருச்சுழியில் வெள்ளரிக்காய் விற்கும் ஒரு பாட்டி கேட்டார். அந்தக் கேள்வி என்ன என்று பார்க்கும் முன், வேறு இரண்டு வாலிபர்களைப் பார்த்து விடுவோம்.

18 வயதுப் ‘பெரியவர்’

பெங்களூர் போனவர்களில் சிலர் பார்த்திருக்கலாம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்பு நிற பெயர் பேட்ஜ். இரண்டு வாலிபர்கள் ஜோடியாக நடந்து போவார்கள். தனியாக ஒருத்தர் போகக் கூடாது என்பது சட்டம்.

இவர்கள் ‘மார்மன்’ சபை ஊழியர்கள். ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது அதன் முழுப்பெயர். 1830-ல் அமெரிக்காவில் தொடங்கியது. தலைமையிடம் சால்ட் லேக் சிட்டி. பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து 1993 முதல் தனி மிஷன் நடக்கிறது.

பையன் பள்ளிப் படிப்பை முடித்து 18 வயது ஆனால் ஊழியத்துக்குக் கிளம்பலாம். 2012-க்கு முன்பு 19 ஆக இருந்தது. ஆண்களுக்கு 2 வருஷம். பெண்களுக்கு 2025 வரை 19 வயது ஆக வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஒன்றரை வருஷம். எந்த ஊர், எந்த நாடு என்று சபைதான் சொல்லும். பையன் கையில் எதுவும் இல்லை.

சம்பளம் கிடையாது. செலவுக்குப் பணம் பையன் சேர்த்து வைத்ததும், வீட்டில் கொடுப்பதும்தான். காலை ஆறரைக்கு எழுந்து, ராத்திரி பத்தரைக்குள் படுக்க வேண்டும். இடையில் படிப்பு, ஜெபம், தெருத் தெருவாக நடை. காதல், கத்தரிக்காய் என்று பேச்சே இருக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத.

வேடிக்கை என்னவென்றால், மீசை சரியாக முளைக்காத இந்தப் பையனை அவர்கள் கூப்பிடும் பெயர் ‘எல்டர்’. அதாவது பெரியவர்!

டீ வேண்டாம் என்றால்?

பெரியவருக்குப் பெரிய கஷ்டம் வேதத்தில் வராது. டீயில் வரும்.

டீ, காபி, மது, சிகரெட் நான்கும் இவர்களுக்கு ஆகாது. நம்ம பக்கம் யோசித்துப் பாருங்கள். அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்கார வீடு. வெளியூர்ப் பையன் வேகாத வெயிலில் வந்து நிற்கிறான். வீட்டம்மா பதறிப்போய் டீ போட்டு நீட்டுகிறார். பையன் “வேண்டாம்மா” என்கிறான். வீட்டம்மா என்ன நினைப்பார்? “நம்ம கையால வாங்கிக் குடிக்க மாட்டேங்கிறானே!” என்று நினைப்பார். அவன் சொல்ல வந்த சாமி கதை அந்த டம்ளரோடு ஆறிப் போகும்.

அதைவிடப் பெரிய கஷ்டம் ராத்திரி படுத்த பிறகு வரும். வீட்டு ஞாபகம்.

பல வருஷ காலம் இந்தப் பிள்ளைகள் பெற்றோரோடு போனில் பேச வருஷத்துக்கு இரண்டே நாள்தான் அனுமதி. ஒன்று கிறிஸ்துமஸ். இன்னொன்று அன்னையர் தினம். மற்ற நாளில் எழுதுவதோடு சரி. 2019-ம் ஆண்டு பிப்ரவரியில்தான் சபை இறங்கி வந்தது. வாரம் ஒரு முறை வீட்டுக்குப் பேசலாம் என்று உத்தரவு போட்டது. ஒரு தாயின் குரலுக்கு எத்தனை பலம் இருந்தால், வருஷத்துக்கு இரண்டு நாள் என்று அதை அளந்து விட்டிருப்பார்கள்!

சென்னையில் மூடிய கதவு

மார்மன் ஊழியர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தது புதுக் கதை இல்லை. 170 வருஷத்துக்கு முன்பே வந்து விட்டார்கள்.

1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறி, ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கியது ஒரு கூட்டம். அதில் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் என்ற மூன்று பேர் சென்னைக்குப் பிரிந்தார்கள். வழியில் புயல். கப்பல் சேதமாகி, கல்கத்தாவுக்கே திரும்பி, மறுபடி கிளம்பி, ஜூலை மாதம் சென்னை வந்து சேர்ந்தார்கள். பையில் காசு வைத்துக் கொள்ளாமல், போகிற ஊரில் கிடைப்பதைச் சாப்பிட்டு ஊழியம் செய்வது அவர்கள் சபையின் அந்தக் கால வழக்கம்.

பாலன்டைனுக்கு அப்போது 35 வயது. பெண்டாட்டி பிள்ளைகளை அமெரிக்காவில் விட்டு வந்தவர். சென்னையிலேயே ஒரு மாதப் பத்திரிகை அச்சடித்தார். கூட்டம் போட்டார். வெள்ளைக்காரர் வீடுகளில் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை.

காரணம், 1852 ஆகஸ்டில் அமெரிக்காவில் மார்மன் சபை வெளியிட்ட ஒரு செய்தி. ஒரு ஆண் பல பெண்களைக் கல்யாணம் செய்யலாம் என்று சபை பகிரங்கமாக அறிவித்திருந்தது. 1890-ல் அந்த வழக்கத்தைச் சபையே கைவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் 1853-ல் அந்தச் செய்தி ஊழியர்களுக்கு முன்னே கப்பல் ஏறி வந்து விட்டது. பல தாரக்காரர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் சேர்ந்தார்கள். பாலன்டைன் ஒரு வருஷத்தில், 1854 ஜூலையில், கப்பல் ஏறி விட்டார்.

‘பல தாரம் சரி’ என்று சொன்ன சபைக்காரர்களுக்குக் கதவு அடைபட்டது. ‘பல தாரம் தப்பு’ என்று சொன்ன இன்னொருவருக்குத் தலையே போனது. அவர்தான் நமது கேஸ் கட்டில் உள்ளவர்.

பாட்டி கேட்ட கேள்வி

வேறொரு செய்திக்காக அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ் ஏறினேன். சித்திரை வெயில். கரிசல் பூமி வாய் பிளந்து கிடந்தது. குண்டாற்றில் மணல்தான் ஓடியது. பஸ் ஸ்டாப் நிழலில் கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டியிடம் வெள்ளரிக்காய் வாங்கினேன். பேச்சுக் கொடுத்தேன். டை கட்டிய பையன்கள் கதையைச் சொன்னேன். பிறகு ஓரியூர்க் கதையையும் சொன்னேன்.

கொலை எப்படி நடந்தது என்று அவர் கேட்கவில்லை. வாள் எத்தனை நீளம் என்று கேட்கவில்லை.

“ஏந்தம்பி, அவுகளப் பெத்தவ அப்ப உசுரோட இருந்தாளா?” என்றார்.

“இருந்தாங்க அப்பத்தா.”

“விட்டாளா?”

“விடல.”

பாட்டி தலையை ஆட்டினார். “எங்கூருப் பிள்ளையும் ஒண்ணு அப்படித்தானய்யா போச்சு” என்று கோவில் பக்கம் கையைக் காட்டினார்.

அவர் சொன்னது ரமண மகரிஷியை. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ந்தேதி பிறந்த வெங்கட்ராமன். மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பையன். 1896 ஆகஸ்ட் 29-ந்தேதி, அண்ணனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக் கொண்டு, சீட்டு எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போனார். அப்போது வயது 16. இரண்டு வருஷம் கழித்துத் தாயார் அழகம்மாள் திருவண்ணாமலைக்குத் தேடிப் போய் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. தாயார் திரும்பி வந்தார். 1916-ல் அந்த அம்மாளே மகன் இருக்கும் இடத்தில் போய்த் தங்கி, 1922-ல் அங்கேயே கண்ணை மூடினார்.

சாமி தேடிப் போகிற பிள்ளை எந்த மதமாக இருந்தாலும், வாசலில் நிற்கிற தாய் ஒரே தாய்தான் என்பது பாட்டியின் கட்சி.

லிஸ்பனில் ஒரு தாய்

ஓரியூரில் செத்தவர் பெயர் ஜான் டி பிரிட்டோ. தமிழில் அருளானந்தர்.

1647 மார்ச் 1-ந்தேதி லிஸ்பன் நகரில் பெரிய இடத்தில் பிறந்தார். தகப்பனார் பிரேசிலில் உத்தியோகத்தில் இருந்தபோதே காலமாகி விட்டார். பையன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தான். 11 வயதில் சாகக் கிடந்தான். தாயார், பிள்ளை பிழைத்தால் சேசு சபைச் சாமியார் அங்கியை ஒரு வருஷம் போட்டு விடுவதாக சவேரியாருக்கு நேர்ந்து கொண்டார். பிள்ளை பிழைத்தது. வேண்டுதலும் நிறைவேறியது.

அங்கிதான் வினையாகி விட்டது. 15 வயதில் பையன் சேசு சபையிலேயே சேர்ந்து விட்டான். பிறகு இந்தியாவுக்குப் போகிறேன் என்றான்.

தாயார் சும்மா இருக்கவில்லை. போப்பாண்டவரின் தூதர் வரைக்கும் போய், என் மகனைக் கப்பல் ஏற விடாதீர்கள் என்று மன்றாடினார். நடக்கவில்லை. 1673-ல் கப்பல் கிளம்பியது. செப்டம்பரில் கோவா. மறுவருஷம் மதுரை மிஷன்.

காவி கட்டிய வெள்ளைக்காரர்

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் என்றால் ‘பரங்கி’ என்ற கெட்ட பெயர். மாட்டுக்கறி தின்பான், குடிப்பான், குளிக்க மாட்டான் என்று ஜனங்கள் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். இதைப் புரிந்து கொண்டு 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, சன்னியாசி வேஷத்தில் வாழ்ந்து வழிகாட்டினார். பிரிட்டோ பண்டார சாமியாராக மாறினார்.

அரண்மனையில் வளர்ந்த உடம்பு. அதில் காவித் துணி. காலில் தோல் செருப்பு கூடாது, மரக்கட்டைதான். கறி, மீன், முட்டை, சாராயம் எதுவும் தொடக் கூடாது. சோறு, கீரை, பருப்பு. கட்டாந்தரையில் படுக்கை. டை கட்டிய பையனுக்கு டீ கூடாது என்ற மாதிரி, இவருக்கும் வாய்க் கட்டு. ஒரு வித்தியாசம் உண்டு. பையன்களின் கட்டு சபை போட்டது. இவருடைய கட்டு, இந்த ஜனங்களோடு ஒட்ட வேண்டும் என்பதற்காகப் போட்டது.

அப்புறம் பாஷை. தமிழில் பேசி, தமிழில் பாவ மன்னிப்புக் கேட்டு, தமிழில் சண்டை விலக்க வேண்டும். ஒரு ஊரில் ரொம்ப நாள் தங்க முடியாது. காட்டுக்குள் கூட்டம். ராத்திரியில் நடை.

இந்த வெயில் லேசுப்பட்டதில்லை. பிரிட்டோவுக்குப் பின்னால், 1834-ல் மதுரைக்கு அமெரிக்கன் மிஷன் வந்தது. நம்ம திருச்சுழி தாலுகா மண்டபசாலையிலும் அவர்கள் பங்களா கட்டி இருந்தார்கள். காய்ச்சலும் காலராவும் அந்த மிஷனில் பல பேரை வாரிக் கொண்டு போனது. தப்பித்தவர்கள் 1845-ல் மலை மேல் குடில் போட்டார்கள். அதுதான் இன்றைய கொடைக்கானல் ஊருக்குப் பிள்ளையார் சுழி. பிரிட்டோவுக்கு ஏறி ஒளிய மலை பங்களா இல்லை.

தண்ணீரே சித்திரவதை

1686-ல் பிரிட்டோ மறவர் நாட்டுக்குள் நுழைந்தார். சேதுபதியின் ஆட்சி. ஜூலை மாதம் தளவாய் ஆட்கள் பிடித்துக் கொண்டார்கள். கூட இருந்த உபதேசியார்களும் சிக்கினார்கள்.

அடி, உதை. வெயிலில் கொதித்த பாறையில் கிடத்தி மேலே ஏறி மிதித்தார்கள். கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் முக்கி முக்கி எடுத்தார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு ஊர் ஊராக அலையும் சீமையில், தண்ணீரே சித்திரவதை ஆனது!

ராமநாதபுரத்தில் சேதுபதி நேரில் விசாரித்தார். பிரிட்டோ பயப்படாமல் பதில் சொன்னார். மன்னர் விடுதலை செய்தார். ஆனால் ஒரு நிபந்தனை: இனி என் சீமையில் பிரசங்கம் செய்யக் கூடாது.

இந்த இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். நிபந்தனை ஜாமீன் மாதிரி. மீறினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு சபை வேலையாக பிரிட்டோ லிஸ்பன் போனார். கூட வளர்ந்த இளவரசர் அப்போது ராஜா, இரண்டாம் பெட்ரோ. இங்கேயே இரு என்று கெஞ்சினார். அங்கேயும் பிரிட்டோ கறி தொடவில்லை, தரையில்தான் படுத்தார். பெற்ற தாயையும் பார்த்தார். பார்த்துவிட்டு, 1690-ல் மறுபடி இந்தியாவுக்கு வந்து விட்டார்!

தடியத் தேவர் வீட்டில்

சேதுபதி வம்சத்தில் ஆட்சிக்கு உரிமை கொண்டாடக் கூடியவர் தடியத் தேவர். கடுமையான நோயில் படுத்தவர், உபதேசியார் செய்த ஜெபத்தால் பிழைத்ததாக நம்பினார். ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவிகள். ஒருத்தி போதும், மற்றவர்களை விலக்கு என்றார் பிரிட்டோ. தேவர் சம்மதித்தார். மூத்தவரை வைத்துக் கொண்டு மற்றவர்களுக்கு ஜீவனாம்சத்துக்கு வழி செய்து ஒதுக்கினார்.

ஒதுக்கப்பட்டவர்களில் இளையவர், சேதுபதிக்கு நெருங்கிய உறவுப் பெண். அவர் நேராக அரண்மனைக்குப் போய் அழுதார்.

1693 ஜனவரி 8-ந்தேதி பிரிட்டோ கைது. ராமநாதபுரம் சிறை. பகிரங்கமாகக் கொன்றால் தடியத் தேவர் பக்கம் கலகம் வரும் என்று சேதுபதி யோசித்தார். நாடு கடத்துவதாக வெளியில் சொல்லி, ஓரியூரில் அதிகாரம் செய்த தம்பி உடையத் தேவரிடம் அனுப்பினார். கூடவே ரகசிய உத்தரவு: தலையை எடு.

பிப்ரவரி 3-ந்தேதி, காவலில் இருந்தபடியே கரியால் கடிதம் எழுதினார். மறுநாள் வெட்டினார்கள். தலை வேறு, கை கால் வேறு. உடம்பைக் கம்பத்தில் கட்டித் தொங்க விட்டார்கள். அந்த இடத்து மண் சிவப்பாக இருப்பதை இன்றைக்கும் ஜனங்கள் எடுத்து நெற்றியில் பூசிக் கொள்கிறார்கள். 1947 ஜூன் 22-ந்தேதி ரோம் நகரில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

வாக்குமூலம் இல்லாத சாட்சி

நிருபர் என்ற முறையில் இந்தக் கட்டைப் புரட்டும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது.

இதை வெறும் மதச் சண்டை என்று எழுதினால் பாதிச் செய்தி. ஆட்சிக்கு உரிமைக்காரர் வெளிநாட்டுக்காரரோடு சேர்கிறாரே என்ற பயம் சேதுபதிக்கு இருந்தது. அது அரசியல். நிபந்தனையை மீறியது சட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் அழுகை. அது குடும்பம்.

பாதிரிமார்கள் எழுதிய கடிதங்கள் வழியாகத்தான் கதை நமக்கு வந்திருக்கிறது. அதில் அந்த இளைய மனைவி, புகார் கொடுத்த வில்லியாகத்தான் வருகிறார். அவரை யாரும் விசாரிக்கவில்லை. தாலி கட்டி வந்த வீட்டிலிருந்து ஒரு நாள் காலையில் “நீ வேண்டாம்” என்று சொன்னால், அரண்மனைப் பெண்ணாக இருந்தாலும் அழாமல் என்ன செய்வார்? ஜீவனாம்சம் கொடுத்தால் தீர்ந்து போகிற காரியமா அது?

பாட்டியிடம் இதைச் சொன்னேன்.

“அந்தப் பிள்ளையும் பாவந்தானய்யா. அவ எங்க போவா? ஆத்தா வீட்டுக்குத்தான போவா” என்றார்.

மிஷனரி வாலிபரின் கஷ்டம் என்று நாம் வெயிலை எழுதுகிறோம், பாஷையை எழுதுகிறோம், பட்டினியை எழுதுகிறோம். அதெல்லாம் உடம்புக் கஷ்டம். பழகி விடும். பழகாத கஷ்டம் இரண்டு வாசலில் இருக்கிறது. ஒன்று அவன் விட்டு வந்த வீட்டு வாசல். இன்னொன்று அவன் நுழைகிற வீட்டு வாசல். இரண்டிலும் ஒரு பெண் அழுது கொண்டு நிற்கிறாள். பிரிட்டோ முதல் வாசலை 26 வயதில் தாண்டினார். இரண்டாவது வாசலில் 45 வயதில் விழுந்தார்.

பட்டுச் சேலை

கேஸ் கட்டில் கடைசிப் பக்கம்.

மகன் செத்த செய்தி கப்பலில் போர்ச்சுகல் போய்ச் சேர்ந்தது. ராஜா அதைத் துக்கமாக நினைக்கவில்லை. வேத சாட்சி கிடைத்தார் என்று நன்றிப் பூசை வைத்தார். தாயாருக்கும் அழைப்பு. துக்க உடை போடக் கூடாது, பண்டிகை உடையில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மாளும் அப்படியே வந்து நின்றதாக வரலாறு சொல்கிறது.

பஸ் வந்து விட்டது. ஏறுவதற்கு முன் இதையும் பாட்டியிடம் சொன்னேன்.

வெள்ளரிப் பிஞ்சுகளைக் கூடையில் அடுக்கிக் கொண்டே பாட்டி சொன்னார்:

“மேலுக்குப் பட்டுச் சேலை கட்டிக்கிறலாம்யா. பெத்த வயித்துல என்னத்தக் கட்டுவா?”

நாலு கேள்விக்கும் பதில் இருந்த கேஸ் கட்டில், இதற்கு மட்டும் பதில் இல்லை.